இரண்டடி

ஊசிக்கல் சந்தியிலிருந்து கோயில் வளைவு வரை
வீதி அதிகார சபைக்கு.
வளைவிலிருந்து பால் சேர்க்கும் கொட்டில் வரை
எங்களுக்கு, அதாவது பிரதேச சபைக்கு.
அதற்குக் கீழே தோட்டத்துக்கு.

மழைக்கு இந்த எல்லை தெரியாது என்று
என் முதல் கூட்டத்தில் பேசினேன்.
கைதட்டினார்கள்.
பிறகு அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

கொட்டிலடி மதகு மூன்று வரைபடத்திலும் இல்லை.
தொழில்நுட்ப அதிகாரி அபேகோன்
நாடாவின் ஒரு முனையை என் கையில் தந்துவிட்டு
மற்ற முனையோடு பனிமூட்டத்துக்குள் நடந்துபோய்
அங்கிருந்து கத்தினார்:
"இது மட்டும் உங்கட, மிஸ்!"
எனக்கு நாடாதான் தெரிந்தது.

சித்திரை முடிந்து கொழும்பிலிருந்து வந்தவர்கள்
மண்ணைக் குழாயில் எடுத்துப் பார்த்தார்கள்.
பணிய லயத்தில் சிவப்புப் பெயின்ற் அடித்தார்கள்.
ஆறாம் காம்பரா ஆபத்து வலயம்.
ஏழாம் காம்பரா இல்லை.
நடுவில் ஒரே சுவர்,
அதிலும் ஒரு செங்கல் பெயர்ந்து
இந்தப் பக்கத்துப் புகை அந்தப் பக்கம் போகும்.
மழை இரவுகளில் ஆறாம் காம்பரா மருதாயி
பாயைச் சுருட்டிக்கொண்டு ஏழுக்கு வந்து படுத்தாள்.
"மல எழுத்து வாசிக்குமாக்கும்" என்றான் சித்திரவேல்,
சொல்லிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டான்.
ஏழு பேர்ச் காணி வரும் என்றார்கள்.
எந்தச் சரிவில் என்று கேட்டேன்.
கேள்வியைக் குறித்துக்கொண்டார்கள்.

இனி என் விடயம்.

ஜெபமாலையின் கடை முன்தட்டை
கானுக்கு மேலே இரண்டடி நீட்ட
அனுமதி கேட்டுக் கடிதம் வந்தது மாசியில்.
தேர்தலுக்குத் தன் கடைச் சுவரை எனக்குத் தந்தவர்.
கானில் அப்போது பிஸ்கட் உறையும் சருகும்
ஒரு ஒற்றைச் செருப்பும் கிடந்தன, தண்ணீர் இல்லை.
கையை உயர்த்தினேன்.
என்னைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் உயர்த்தினார்,
அவரைப் பார்த்து அடுத்தவர்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஐப்பசியில் மூன்றாம் நாள் மழை
கொங்கிறீட்டுக்கு அடியில் மூச்சுமுட்டி
வீதிக்கு ஏறியது.
தாரை ரொட்டி போலப் பிய்த்துப் போட்டது.
கொஞ்சம் நின்று, யோசித்ததுபோல் நின்று,
லயத்துப் பக்கம் திரும்பியது,
பெயின்ற் அடிக்காத பக்கம்.
சித்திரவேலின் மகள் கட்டிலில் ஏறி
பாடப்புத்தகங்களை உத்தரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.
கட்டில் காலைச் சுற்றி தேயிலை மண்.

சபைக்கு எடுத்தேன். காவலாளி பேசினார்.
பெக்கோ வரும், டீசலுக்குக் கையெழுத்து வேண்டும்,
கையெழுத்துக்காரர் கண்டியில் என்றார்.

மருதாயியிடம் அலவாங்கு இருந்தது.

ஜெபமாலை ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
என்னைப் பார்த்தார், அலவாங்கைப் பார்த்தார்.
"அனுமதிக் கடிதம் லாச்சிக்குள்ள இருக்கு."
"தெரியும். கை தூக்கினது நான்."
உள்ளே போனார். டோர்ச்சோடு திரும்பி வந்தார்.
பிடித்துக்கொண்டே திட்டினார்,
என்னை, என் கட்சியை, சிமெந்து விற்றவனை,
தன் கடைக்கு நாள் பார்த்துக் கொடுத்தவனை.
வெளிச்சத்தை மட்டும் அசைக்கவில்லை.

நான் குத்தியது நாலு குத்து. கை கொப்பளித்தது.
மீதியை மருதாயி உடைத்தாள்,
பகலில் பதினெட்டுக் கிலோ எடுத்த கையால்.
பதினொரு மணிக்கு
தண்ணீர் கானுக்குள் இறங்கி
மதகுக்குள் நுழையும் சத்தம் கேட்டது.
யாருடைய மதகு என்று அப்போதும் தெரியாது.

அடுத்த கூட்டத்தில், முன்தட்டை வெள்ளம் உடைத்தது என்று
ஜெபமாலை எழுதிக்கொடுத்திருந்த கடிதத்தை
தவிசாளர் சத்தமாக வாசித்தார்.
"வெள்ளமில்லை, நான்" என்றேன்.
யாரும் கைதட்டவில்லை.
அபேகோன் ஈர நாடாவைத் துடைத்துத் துடைத்து
பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.
செயலாளர் பேனாவை உயர்த்தியபடி கேட்டார்:
"இத எந்தச் செலவுத் தலைப்பில போட, மிஸ்?"