அனுப்பாத செய்தி

பிலோமினா,
உன் அப்பா இறந்த அன்று காலை பதினொன்று பத்துக்கு
"கிளம்பிட்டேன்" என்று தட்டினேன்.
இன்றைக்கு நாற்பத்து மூன்றாம் நாள்.
அந்தச் சொல் இன்னும் போனிலேயே இருக்கிறது,
பக்கத்தில் ஒரு சின்னக் கோடு
மினுக் மினுக்கென்று.

பொய்யில்லை, கிளம்பத்தான் செய்தேன்.
கடலூர் பஸ் ஸ்டாண்டில் சம்பங்கி மாலை வாங்கினேன்,
மீதிச் சில்லறையைப் பூக்கடையிலேயே விட்டேன்.
ரெட்டிச்சாவடிவரை அழுதுகொண்டு வந்தேன்.
கிருமாம்பாக்கத்தில் ஏறிய அம்மாளின் மூக்குக்கண்ணாடியில்
ஒரு திருகாணி இல்லை,
காதுப் பக்கம் கறுப்பு நூல் கட்டியிருந்தார்.
என் பையில்தான் திருப்புளியும்
ஒரு டப்பி திருகாணியும் எப்போதும் இருக்குமே.
தவளக்குப்பத்தில் அவரோடு நானும் இறங்கி
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து
கழற்றி, மாட்டி, மூக்குப் பிடியையும் நேராக்கி
தலை தூக்கினால்
மணி மூன்றரை.
மாலை மட்டும்
பஸ்ஸோடு புதுச்சேரி போய்விட்டிருந்தது.

உப்பளம் கல்லறைக்கு நான் வந்தபோது யாருமில்லை.
ஈர மண். காற்றில் அணைந்த மெழுகுவத்திகள்.
ஒன்றையாவது கொளுத்தலாமென்று பையைத் துழாவினேன்,
திருப்புளிதான் கையில் வந்தது.
இதை உன்னிடம் எப்படிச் சொல்ல?
நாளைக்குச் சொல்லலாம் என்றேன்.
நாளைக்கு, வெட்கமாக இருந்தது.

"ஒரு போன்கூடவா?" என்று கேட்டாயாம்.
அண்ணன் இதைத் திமிர் என்கிறான்.
முதலாளி கேட்கிறார்,
மூணு மணி நேரம் ஒரே லென்ஸைத் தேய்க்கிறியே,
அதுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது கவனம்?
நானும் அதையேதான் கேட்டேன், ஜிப்மரில்,
இரண்டு முறை தேதியைத் தவறவிட்டு மூன்றாம் முறை.
டாக்டர் ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார்.
ஏ.டி.ஹெச்.டி.
வீட்டில் சிரித்தார்கள்:
"மறதி எங்களுக்குந்தான் இருக்கு."

மறதியா இது?
தவளக்குப்பத்தில் அந்தத் திருகாணியை முறுக்கும்போதும்
உன் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.
நீயும்.

இன்னொன்று இருக்கிறது.
மாசியில் அவர் கொடுத்துப்போன கண்ணாடி
என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில்.
"ரெடி அங்கிள், வாங்க" என்பதும்
போனில் அப்படியே கிடக்கிறது.
இடது கண்ணுக்குப் பவர் கூடியிருந்தது.
ஓரம் உறுத்தாமல் இழைத்து, துடைத்து,
உறையில் அவர் பெயரையும் எழுதி வைத்தேன்.
சரியாகத்தான் செய்திருந்தேன், பிலோ.