அட்வான்ஸில் கழித்தது

முதலில் போனது இன்டர்நெட் வயர்.
அடுத்தது சார்ஜர், இஸ்திரிப்பெட்டியின் வால்,
ஆடாமல் இருக்க பீரோவுக்கு அடியில் கொடுத்த கட்டை.
பிறகு நிலைக்கால்.
அங்கேதான் ரவைக்கு மனம் நிலைத்தது.

ராத்திரி ரெண்டு மணி.
கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் பெட்டிகள்
முட்டிக்கொள்ளும் சத்தம் அடங்கியதும்
இது ஆரம்பிக்கும்
கர்ரக் கர்ரக் கர்ரக்
யாரோ ரொம்பப் பொறுமையாக
வீட்டை உள்ளிருந்து அறுப்பதுபோல.

வேப்பெண்ணெய் தடவினேன்.
மோந்து, தும்மி, ஒரு சாண் தள்ளிக் கடித்தது.
பாகற்காய்ச் சாறு பூசினேன்.
நக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது,
இவ்வளவுதானா என்று.
கை தட்டினால் ஓடும்;
கை ஓய்ந்தால் வரும்.
மிளகாய்த்தூள் டப்பாவோடு குந்திய குமரகுரு
அந்த மூக்கு நிற்காமல் துடிப்பதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
டப்பாவை மூடி அலமாரியில் வைத்தான்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வேப்பேரி டாக்டரம்மா உதட்டை விலக்கிக் காட்டினார்.
"பாத்தியா, இது சாவுற வரைக்கும் வளரும்.
தேயலைன்னா வாய் மூடாது,
தட்டு முன்னாடியே பட்டினி கிடக்கும்.
கடிக்காதேன்னா கேக்காது.
எதைக் கடிக்கலாம்னு காட்டு.
பழைய பெயின்ட் மட்டும் வேணாம், விஷம்."

அன்றிலிருந்து நான்
புல் பிடுங்கும் பெண்.
ஐ.ஓ.சி. நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு
சுவரோரம் அறுகு தேடுவேன்.
லாரிப் புகை போக மூன்று தண்ணீரில் அலசுவேன்.
கூட வேலை பார்க்கும் மும்தாஜ் வீட்டுக் கொய்யா
கிளை கிளையாக என் கைப்பையில் வந்தது.
அட்டைப்பெட்டி, கோரைப்பாய்த் துண்டு.
வயருக்கெல்லாம் பிளந்த பி.வி.சி. குழாய்;
வந்தவர்கள் பிளம்பர் வேலை முடியலையா என்றார்கள்.
நிலைக்காலை மறைத்துச் செருப்பு ஸ்டாண்ட்.

மூன்று வாரத்தில் சத்தம் இடம் மாறியது.
கொய்யாக் குச்சி கடிபடுவது மெலிசாகத்தான் கேட்கும்.
அதிலேயே தூங்கிப் பழகினோம்.

ஆனால் கடித்தது கடித்ததுதானே.

வீடு காலி செய்த அன்று
தேசப்பன் டார்ச்சோடு வந்தார்.
ஆணி ஓட்டைகளை எண்ணினார்.
குழாயைத் திறந்து மூடினார்.
செருப்பு ஸ்டாண்டை, நாங்கள் சொல்வதற்குள்,
அவரே நகர்த்தினார்.

கை அகலப் பள்ளம்.
மேலே கிரீம். அதன்கீழ் பிஸ்தா.
அதற்கும் கீழே அழுக்கு ரோஸ்.
கடைசியில், மரத்தை ஒட்டி,
கண்ணைப் பறிக்கும் நீலம்.

கட்டைவிரலால் தடவினார்.
"லாஞ்சுக்கு அடிச்ச பெயின்ட்டு.
மீந்துச்சுன்னு நைனா கதவு, ஜன்னல், முக்காலி
எல்லாத்துக்கும் அடிச்சுட்டாரு.
என் ஜாமெட்ரி பாக்ஸுக்குக்கூட."
சிரித்தாரா, தெரியவில்லை.
வெளிச்சம் பள்ளத்தில் இருந்தது, முகத்தில் இல்லை.

கூடைக்குள் ரவை
எதையோ மென்றுகொண்டிருந்தது.

எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு
"இதுக்கு ரெண்டாயிரம்" என்றார்.
கழித்துக்கொண்டார்.
எப்போது பெயின்ட் அடிப்பீர்கள் என்று
குமரகுரு சும்மா கேட்டான்.
"அடிக்கணும், அடிக்கணும்"
என்றார், அவசரமே இல்லாமல்.

எர்ணாவூர் வீட்டில் நிலைக்கால் இரும்பு.
முதல் ராத்திரி, விளக்கை அணைத்ததும்
டிங்.
சற்றுப் பொறுத்து,
இன்னும் கொஞ்சம் தள்ளி,
டிங்.