மூன்றாவது பெயர்

தூத்துக்குடித் துறைக்கு வெளியே
கப்பல் ஒன்று இரண்டு நாளாக நிற்கிறது.
அனுமதி கேட்டு வந்த தாளில் அதன் பெயருக்கு
நல்ல நம்பிக்கை என்றோ என்னவோ பொருள்.
காவல் படகு எடுத்த போட்டோவில்
பின்புறத்து வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில்
இன்னொரு பெயர் புடைத்துக்கொண்டிருக்கிறது.
அதற்கும் அடியில் ஒன்று.
இரும்பில் பற்றவைத்த எழுத்து
சாயத்துக்கு அடங்காது.

கொடி, கடலே இல்லாத ஒரு நாட்டுடையது.
சரக்கு: சூரை, நூற்றுப்பத்து டன்.
பிடித்த இடம்: பெருங்கடல்.
அவ்வளவுதான். பெருங்கடல்.
எங்கள் உவரியில் மூணு கூடை சாளைக்கே
எந்தப் பாரு, எத்தனை பாகம், நீவாடு எப்படி
என்று கேட்டுவிட்டுத்தான் ஏலக்காரன் வாயைத் திறப்பான்.

திரையில் அதன் தடம் நூல்போல வருகிறது,
அறுகிறது,
பதினேழு நாள் கழித்து
நானூறு மைல் தள்ளி முளைக்கிறது.
கருவி பழுது, என்கிறார் முகவர் கொறைரா
கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தபடி.
அயல்நாட்டு எல்லைக்கோட்டில் பழுதாகி
கோட்டைத் தாண்டியதும் சரியாகிற கருவி
எனக்கும் ஒன்று வேண்டும் அண்ணாச்சி, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ஒருநாள் சும்மா நின்னா எவ்வளவு டீசல் தெரியுமா மேடம்."

தெரியும்.
எங்கள் கையில் இருப்பதே அது ஒன்றுதான்.
நடுக்கடலில் யார் யாரைப் பிடிப்பது?
அங்கே கப்பலுக்குக் கொடிதான் கூரை,
கதவைத் தட்ட ஆளில்லை.
ஆனால் எந்தக் கப்பலுக்கும் ஒருநாள்
நல்ல தண்ணீர் வேண்டும், வெங்காயம் வேண்டும்,
மீனை இறக்க ஒரு கரை வேண்டும்.
வரலாமா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.
நாடுகள் கூடி உட்கார்ந்து
வருசக்கணக்கில் எழுதித் தள்ளியதெல்லாம்
கடைசியில் இதற்குத்தான்:
வேண்டாம் என்று ஒரு துறை சொல்லலாம்.

சொன்னேன்.
மை பதியவில்லை, முத்திரையை
இரண்டாம் தடவையும் குத்தினேன்.

ராத்திரி இரண்டே காலுக்கு வானொலி கரகரத்தது.
ஒருத்தனுக்கு வயிற்றுவலி, மூணு நாளாக.
கொறைரா போனில் வந்தார்.
இப்போது மேடம் இல்லை, தாயி.
அதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது,
யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மூலையில்:
உயிருக்கு ஆபத்தென்றால் துறை திறக்கலாம்.
ஆளுக்கு. மீனுக்கு இல்லை.

பைலட் படகில் கொண்டுவந்தார்கள்.
இருபது வயசு இருக்கும். கடவுச்சீட்டு கேப்டனிடமாம்.
சிமெண்டுத் தரையில் கால் வைத்ததும் தள்ளாடினான்.
கடலில் எத்தனை நாள், என்று கையால் கேட்டேன்.
விரல் காட்டினான்: பத்து, மறுபடி பத்து, பிறகு நாலு.
நாளா மாசமா என்று கேட்க
எங்களுக்குள் ஒரு மொழி இல்லை.
தூண்டில் கயிறு அறுத்த தழும்பு
எங்கள் அண்ணன் பாஸ்டினுக்கு இருக்கிற
அதே விரல் மடிப்பில் இருந்தது.

விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை.
ஐந்து துறைமுகங்களுக்கு எழுதினேன்,
மூன்று பெயரையும் போட்டு,
எந்தப் பெயிண்டுக்கும் மாறாத
அந்த ஏழு இலக்க எண்ணையும் போட்டு.
இரண்டு பதில் வந்தது.
ஒன்று, பெற்றுக்கொண்டோம்.
மற்றது, அதிகாரி விடுமுறையில் இருக்கிறார்.

மத்தியானம் பாஸ்டின் அண்ணன் கூப்பிட்டான்.
"பெரிய கப்பலையே திருப்பி விட்டுட்டியாமே, ஊரே பேசுது."
அவன் குரலுக்குப் பின்னால்
இரண்டு எஞ்சின்கள், பக்கத்துப் பக்கத்தில்,
ஒரே வேகத்தில்.
தடை போட்ட இரட்டைமடியை இழுக்கையில் மட்டும்
அப்படிக் கேட்கும்.
எங்க நிக்க, என்றேன்.

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.

"கடல்லதான்," என்றான்.