நாலாம் நம்பர் அறைத் தொட்டி

முதல் கிழமையே நான் அதைக் கெடுத்துப்போட்டேன்.
ஒளிக்க ஒன்றுமில்லை, போய்ப் பாருங்கள்:
பைப்புக்கு நேர் கீழே, சரிவில்,
உள்ளங்கை அகலத்தில் ஓர் இடம்
மூச்சுப் பட்ட கண்ணாடிபோல.
மூச்சு மட்டும் கலையவே இல்லை.

சொட்டிச் சொட்டி அங்கே
மஞ்சளாய் ஒரு நாக்கு வளர்ந்திருந்தது.
புளியந்தீவுக் கிணற்று நீருக்கு அது வழமை.
கக்கூஸ் அசிட்டை ஊற்றினேன்.
நாக்குப் போனது,
கூடவே தோலும் போனது.

டெரன்ஸ் பார்தலட் ஏசவில்லை.
"இரும்புக்கு மேலே கண்ணாடி, சுகிர்தமலர்.
உருக்கிப் பூசின கண்ணாடி"
என்று மட்டும் சொல்லி
சம்பளத்தில் ஐந்நூறு வெட்டினார்.

மறுகா கை பழகியது.
அப்பச்சோடா ஒள்ளுப்பம்,
தண்ணீர் தெளித்து ரொட்டி மாவின் பதம்.
பழைய பனியன் துணி நல்லது,
சட்டையென்றால் பொத்தானைக் கழற்றிவிட்டு.
கம்பித்தும்பு கூடாது. சாம்பல் கூடாது.
மணலைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்.
தேசிக்காய்கூட
மீன் வெடுக்கோடு மினுக்கத்தையும் கொண்டுபோய்விடும்.
மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைப்பேன்,
மோதிரம் என்று ஒன்று இருந்த காலத்தில்.
இப்போதும் குனியுமுன்
விரலை விரல் ஒருதரம் தடவிப் பார்க்கிறது.

கொழும்பிலிருந்து வந்த புதுச் சோடி
ரோசா இதழ் தூவிக் குளித்துவிட்டு
இதழ்களை ஊறவிட்டுப் போனார்கள்.
காதலின் நிறத்தை அன்று
முழங்காலில் நின்று கண்டேன்:
தேயிலைச் சாயம்.

மார்கழியில் மூன்று நாள் விடாத மழை.
வாவி வீதிக்கு ஏறியது,
வீதி கிணற்றுக்குள் இறங்கியது.
பைப்பும் நிற்கப்போகிறதென்று கேள்விப்பட்டதும்
தொட்டியை மூன்று தரம் கழுவினேன்,
சவுக்கார வாசம் போகும்வரை.
இத்தனை நாளும் ஆரோ கிடந்து ஊறக் கழுவினவள்
முதல்தரம் குடிக்கிற தண்ணிக்குக் கழுவினேன்.
அடைப்பான் ரப்பர் கசியும்;
சொப்பிங் பேக் சுற்றி இறுக்கினேன்.

நாலாம் அறைப் பக்கமே வராதவர்கள்
முழங்கால் தண்ணீரில் குடத்தோடு வந்தார்கள்:
மேசன் மரியதாஸ்,
சர்க்கரை வருத்தக்காரப் புருஷனுக்காகக் கமலவேணி டீச்சர்,
தையல்கடை சலீமா ராத்தாவும் மூன்று பிள்ளைகளும்.
"வாளியை உள்ளே விடாதேங்கோ, செம்பால அள்ளுங்கோ,
கீறிப்போடும்" என்றேன்.
"ஊரே தாழுது,
இவளுக்குக் கீறல்தான் கவலை" என்று
டீச்சர் சிரித்தா. நானும் சிரித்தேன்.
செம்பை மட்டும் கைவிடவில்லை.

இரவில் டோர்ச் அடித்துப் பார்ப்பேன்.
வெளியே வாவி,
ஒற்றைச் செருப்பு, மண்ணெண்ணெய்ப் படலம், சருகு.
உள்ளே அடி தெரிகிற தண்ணீர்.
நடுவில் சுண்டுவிரல் தடிப்புக்கு இரும்பு,
இரும்பின்மேல் நான் தினமும் துடைக்கிற தோல்.
ஒரு கால் முறிந்து செங்கல்லில் நிற்கிற தொட்டி
அசையவில்லை, நிறைந்திருந்ததால்.
வெறுமையாய் இருந்திருந்தால்
மிதந்துபோய்க் கதவில் இடித்திருக்கும்.

ஐந்தாம் நாள் நீர்மட்டம்
அந்த மினுங்காத இடத்துக்கு இறங்கியது.
சலீமாவின் கடைக்குட்டி எட்டிப் பார்த்து
"இது என்ன?" என்றான்.
"நான் செய்த பிழை."
"குடிக்கலாமா?"
"குடிக்கலாம்."
குடித்தான்.

வெள்ளம் வற்றியபின்
வெளிப்புறச் சேற்றைக் கழுவ ஒரு பகல் போனது.
உள்ளே மூன்று கீறல்.
மரியதாஸ் தன் வாளி இல்லை என்கிறார்,
ஆண்டவர் மேல் சத்தியம் என்கிறார்.
சைக்கிள் கடையில் வெள்ளை இனாமல் வாங்கி
நெருப்புக்குச்சி நுனியால் தொட்டு வைத்தேன்.
கிட்டப் போனால் தெரியும்.

பைப் இன்னும் சொட்டுகிறது.
வாசர் மாற்றச் சொல்லி
டெரன்ஸிடம் மூன்று தரம் சொல்லியாயிற்று.
அதுவரைக்கும்
சொட்டுக்குக் கீழே என் பனியன் துணி,
காலையில் பிழிவேன், திரும்ப வைப்பேன்.