பதினாறாம் இலக்கம்

சேர்ந்த காசு நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு.
அதில் ஐயாயிரம் தர்சிகா ஆடைத்தொழிற்சாலையில்
நின்ற கால்களின் ஓவர்டைம்.
மூவாயிரம், மல்லாவிச் சந்தையில்
பதினாலு பேரும் மாறி மாறி விற்ற கச்சான்.
மிச்சம், போன வருட இரண்டாம் இடம்.

இரண்டாம் இடம் என்று எழுதும்போது
பேனை இன்னும் தாளைக் கிழிக்கிறது.
அறுபத்தெட்டாவது நிமிடம்
பந்து கோட்டைத் தாண்டியது.
பார்த்தது நாங்களும்
கம்பத்துக்குப் பின்னால் படுத்திருந்த ஒரு மாடும்.
மாட்டின் சாட்சி செல்லாது என்றார் நடுவர்.

அதனால்தான் கமெரா.

முதலில் ஒரு தீப்பெட்டிக் கமெராவை
இரவல் வாங்கிப் பார்த்தோம்.
எல்லாம் விழுந்தது அதில்:
இரண்டு கோல்கம்பங்களும், குளக்கட்டும்,
தேவைக்கு மிஞ்சிய வானமும்.
பந்துதான் கடுகு.
இருபத்திரண்டு எறும்புகள் கடுகைத் துரத்தின.
மூன்று மணி வெயிலில் சூடேறித்
தானாக அணைந்தும் போனது.
எங்களுக்கு மாற்றாட்டக்காரர் மூன்று பேர்.
அதுக்கு ஆருமில்லை.

டிலக்சனாவின் போன் நல்ல போன்.
கோர்ணர் உதைக்கும் நேரம் பார்த்து
அவளின் அம்மா எடுப்பா.

ட்ரோன் என்று ஆரோ தொடங்க
கிழக்கு வேலியின் முட்கம்பியையும்
அதற்கப்பால் காவலரணையும் பார்த்துவிட்டு
அவளே கதையை மாற்றினாள்.

"ஒராள் இருக்கிறார்தானே" என்றாள் புகழினி.
ஆரென்று கேட்கத் தேவையில்லை.
மோட்டார்சைக்கிளை மதிலோரம் சாய்த்து
ஹெல்மெற்றைக் கழற்றாமல்
மே மாதத்திலும், நவம்பரிலும்,
இடையில் நாலுபேர் கூடுகிற எந்த நாளிலும்
போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்பவர்.
"அந்தக் கோல் அவரிட்டை இருக்கும். கேட்டுப் பாப்பமா?"
சிரித்தோம், வயிறு நோக.
சிரிப்பு முடிந்த இடத்தில்
கொஞ்சநேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.
அவர் எடுத்திருப்பது முகங்களை.
பந்தை அல்ல.

கடைசியில் துணுக்காய், மரியநேசன் ஸ்ரூடியோ.
கல்யாணம், சாமத்தியம், செத்தவீடு எல்லாம் பார்த்த
பழைய வீடியோக் கமெரா.
திரையின் மூட்டு உடைந்து ரப்பர் வளையம்.
கடைவாசலில் நின்று சூம் பண்ணிக் காட்டினார்,
தெருவுக்கு அப்பால் பலகையில்
வெங்காயத்தின் விலை தெரிந்தது.
வெங்காயம் தெரிந்தால் கோல்கோடும் தெரியும்.
முப்பத்தெட்டாயிரம், முக்காலியோடு.
இன்னொரு பற்றரிக்காக
அரைமணித்தியாலம் அடிபட்டோம்.

வீடுகளில் கேட்டது ஒரே கேள்வி:
காற்சட்டையோடு ஓடுகிற பிள்ளையளின்ர படம்
ஆரின்ர கையில் இருக்கும்?
புகழினி வீட்டுப் பால்மா ரின்னில், என்றோம்.
காணி உறுதிக்கும் குடும்ப அட்டைக்கும் இடையில்.

நடுக்கோட்டுக்கு நேரே உழவியந்திரப் பெட்டி.
அதன்மேல் முக்காலி.
அதன்பின்னால் முழங்கால் கட்டோடு யாழ்நிலா.
அவளுக்கு ஒரே சட்டம்,
கோல் அடித்தாலும் துள்ளக்கூடாது.

முதல் ஆட்டத்திலேயே அடித்தோம்.
கொடி உயர்ந்தது. ஓஃப்சைட்.
நடுவரைச் சுற்றி நின்று கத்தினோம்,
"இண்டைக்கு எங்களிட்டை கமெரா இருக்கு!"

இரவு, உள்ளங்கையளவு திரையைச் சுற்றிப்
பதினாலு தலைகள்.
நிற்பாட்டு. பின்னால் போ. இன்னும் கொஞ்சம்.
டிலக்சனாவின் தோள்
கடைசித் தடுப்பாட்டக்காரியை விட
ஒரு சாண் முன்னால்.

"அழிப்பமா?"
"வேண்டாம்."
சொன்னது ஆரென்று தெரியவில்லை.

எல்லாரும் தோளைத்தான் பார்த்தார்கள்.
நான் பார்த்தது திரையின் இடது ஓரம்.
பந்தைக் கொடுத்த பதினாறாம் இலக்கம், நான்.
பந்து வலையைத் தொடமுன்னம்,
கொடி உயரமுன்னம்,
கோட்டு நடுவரைத் திரும்பிப் பார்க்கிறேன்.

அன்றைக்கு ஆகக் கூடக் கத்தினதும்
நான்தான்.