கரந்தீனா

ஜித்தாவின் தெற்கே ஒரு பேட்டை, கரந்தீனா.
கப்பலில் வந்த ஹஜ்ஜாளிகளை அந்தக் காலத்தில்
நாள் எண்ணி நிறுத்திவைத்த இடமாம்.
கப்பல்கள் போய்விட்டன. பெயர் தங்கிவிட்டது,
பெயருக்குள் நாங்களும்.

என் அறை இரண்டாம் மாடி.
தலைக்கு மேலே ஷொஃபி ஆலம்,
அவன் மனைவி, பிள்ளைகள் இரண்டு, தையல் மெஷின் ஒன்று.
இரவெல்லாம் என் கூரையில் அது ஓடும்.
ஊரடங்கு தொடங்கிய வாரம்
தோப் வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணியில்
முகக்கவசம் தைத்தான், தெருவுக்கே.
என்னிடம் காசு வாங்கவில்லை.
காதுக் கயிறு இறுக்கமா
என்று மட்டும் கேட்டான்.
இறுக்கம்தான். சரியாக இருக்கிறது என்றேன்.

பிறகு ஒரு இரவு
மெஷினா இருமலா என்று
படுத்தபடி பிரித்துப் பார்த்தேன்.
இருமல்.

திங்கள் காலை வந்தார்கள்.
ஆம்புலன்ஸ் ஒன்று, அதன் பின்னே ஜீப் ஐந்து.
காய்ச்சல் பார்க்கும் கருவியையும்
நெற்றிக்கு நேரே துப்பாக்கியாய்த்தான் பிடிக்கிறார்கள்.
என் நெற்றி முப்பத்தாறு புள்ளி நாலு.
இக்காமாவை நீட்டினேன், இன்னும் ஏழு மாதம் செல்லும்.
பர்மி யாராவது உண்டா இங்கே?
நான் வாய் திறக்கவில்லை.
கண் மட்டும் ஒருமுறை மேலே போய் வந்தது.

படியிறங்கும்போது ஷொஃபி பேசினான்,
அந்த ஜவானைவிடத் தெளிவான ஜித்தா அரபி.
எந்த நாடு?
இங்கேதான் பிறந்தேன்.
பாஸ்போர்ட் பங்களாதேஷ் என்கிறதே?
அது வாங்கியது.
அப்படியானால் எந்த நாடு, சொல்.
கரந்தீனா என்றான்.
ஒருவன் சிரித்துவிட்டான்.
அவன் முகத்தில் இருந்ததும் ஷொஃபி தைத்ததுதான்,
ஓரத்தில் அந்த இரட்டைத் தையல்.
சிரிக்காதவன் தாளைத் திருப்பினான்.
உடல்நிலைக் கட்டம் காலியாகவே கிடந்தது.
பாதுகாப்பு என்ற கட்டத்தில்
குடும்பம் முழுவதையும் எழுதினான்,
பால்குடி மறக்காத சின்னது உட்பட.

கம்பி வலை போட்ட பஸ்.
ஓர் இருக்கைக்கு நான்கு பேர்.
ஜீப்பின் ஒலிபெருக்கி
அரபியில், உருதுவில், வங்காளத்தில்
இடைவெளி விடுங்கள், இடைவெளி விடுங்கள் என்றது.
எங்கள் மாடிப்படியில்
யாருடையதோ ஒரு செருப்பு, குழந்தை அளவு.
மூன்று நாள் தாண்டித் தாண்டி இறங்கினேன்.

எனக்கும் வந்தது அது.
கம்பெனி பாராசிட்டமால் அனுப்பியது,
ஆரஞ்சு ஒரு பை.
பதினான்கு நாள். தாழ்ப்பாள் என் பக்கத்தில்.
உரித்த ஆரஞ்சில் வாசனை இல்லை.
கூரையில் சத்தம் இல்லை.

எந்த முகாம் என்று கேட்டேன், இரண்டு மூன்று பேரிடம்.
கேட்காதே என்றார்கள்.
அதன்பின் கேட்கவில்லை.

துவைத்துத் துவைத்து
காதுக் கயிறு இப்போது தளர்ந்துவிட்டது, ஷொஃபி.
இறுக்கமாகத்தான் இருந்தது அன்றைக்கு.