இனித்தால் கை தூக்கவும்

தலைக்கு மேல் வெள்ளைக் கூடாரம் மாட்டிக்கொண்டு
தயாளன் கோவெண்டர் உட்கார்ந்திருக்கிறார்,
வாக்குமூலம் கொடுக்க வந்தவர் போல.
ஜேக்கப்ஸ், பெயின்ட் ஆலையின் ஆய்வுக்கூடம்,
ஜனவரி முடிவு. டர்பன்
ஈரத்துணியாய் முதுகில் ஒட்டும் மாதம்.

என் வேலை எளிது.
கூடாரத்தின் துளை வழியே
சாக்கரின் கரைசலைப் பத்து முறை பீச்ச வேண்டும்.
உள்ளே அவர் முகமூடி போட்டிருக்கிறார்.
ரப்பர் கன்னத்தோடு ஒட்டியிருந்தால்
நாக்குக்கு ஒன்றும் தெரியாது.
எங்காவது ஒரு முடியளவு வழி இருந்தால்
இனிக்கும்.

இந்த அறையில் மட்டும்
இனிப்பு கெட்ட செய்தி.

கண்ணாடி, கையுறை, மேலங்கி என்றால்
வெளியே நின்று பார்த்தே சொல்லிவிடுவேன்.
பொத்தான் போடாதவர்களை வாசலோடு திருப்பியிருக்கிறேன்,
திறந்த செருப்பில் வந்த தணிக்கையாளரையும்.
திங்கள்தோறும் கண் கழுவும் குழாயைத் திறந்துவிட்டுத்
துருநீர் போய்த் தெளியும்வரை நிற்கிறேன்.
முகமூடி அப்படியில்லை.
கசிகிறதா என்பது
போட்டிருப்பவர் சொன்னால்தான் உண்டு.

கன்னத்தில் ஐந்து நாள் தாடி. காவடி விரதம்.
கிளேர்வுட் கோயிலில் கொடி ஏறியதிலிருந்து
கத்தி படவில்லை. இரவு ஒரு வேளைச் சாப்பாடு,
தரையில் படுக்கை.
விதிப்புத்தகம், பக்கம் பதினான்கு:
முகம் மழித்திருக்க வேண்டும்.
முருகனைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

பேசுங்கள், என்கிறேன்.
தாடை அசைந்தால்தான் கசிவு தன்னைக் காட்டும்.
எங்களுக்குள் ஓடுவது ஆங்கிலம்.
அவருக்குத் தமிழ் பாட்டில் மட்டும் இருக்கிறது,
ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த ஒரு நோட்டில்.
அந்தப் பாட்டையே ராகமில்லாமல் சொல்கிறார்,
ரப்பருக்குள் குழறலாய்,
ழகரம் வர வேண்டிய இடமெல்லாம் லகரமாய்.
நான் பீச்சுகிறேன்.

மூன்றாவது அடியில் நின்றுபோகிறார்.

தொடர்ந்திருக்கலாம்.
நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.
சைலீன் டிரம்மில் மாதிரி எடுக்கும் வேலை,
அதற்கென்று வரும் கூடுதல் ராண்டு,
எல்லாம் அப்படியே இருந்திருக்கும்.
மகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.
ஒருவர் நாக்குக்குள் போய் யார் பார்க்கப் போகிறார்கள்?

கை மெல்ல உயர்கிறது.
"இனிப்பு," என்கிறார்,
தமிழில்.

அன்று காலையிலிருந்து
அந்த நாக்கில் பட்ட முதல் பண்டம் அது.

தாடியை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.
காற்று ஊதும் தலைக்கவசம் ஒன்று உண்டு,
தாடிக்கும் பொருந்தும், ஜோகன்னஸ்பர்க்கில் கிடைக்கும்;
விலையைக் கேட்டு மேலாளர் இரண்டு முறை சிரித்தார்.
ஆகவே பூசம் முடியும்வரை தயாளனுக்கு எடை பார்க்கும் அறை.
டிரம் நோம்புசோவுக்குப் போனது, கூடுதல் ராண்டும்.
வேண்டாமென்று அவள் சொல்லவில்லை.
அவளுக்கும் பள்ளிக் கட்டணம் இருக்கிறது.

"விரதத்தில் பொய் சொல்லக் கூடாதில்லையா,"
என்று சிரித்தபடி கூடாரத்தைக் கழற்றினார்.
விரதம் இல்லாத நாட்களில்?
கேட்கவில்லை.
அன்று மாலை பழைய கோப்பை எடுத்தேன்.
ஆறு ஆண்டுகள். ஆறு முறையும் கசிவில்லை.
கீழே ஆறு முறையும் என் கையெழுத்து.

பூசம் கழிந்த திங்கள், மழித்த முகத்தோடு வந்தார்.
வேல் போன இடம் இரு கன்னத்திலும்
மிளகளவு சாம்பல் புள்ளி.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
இதைப் பற்றியும் ஒன்றுமில்லை.
முகமூடியின் விளிம்பு
இரண்டு புள்ளிகளையும் உள்ளே வைத்து மூடியது.
பத்து முறை பீச்சினேன்.
இன்னும் பத்து,
அவர் மடிமேல் கிடந்த கையையே பார்த்துக்கொண்டு.